கணினி செய்த வேலைக்கு எந்தச் சொல்லை எழுதுவது: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னிமலையில் போர்வை வாங்கப் போகிறவரிடம் "இது தறியில் நெய்தது" என்று மட்டும் சொன்னால் அவர் மனம் ஒப்பமாட்டார். கைத்தறியா, விசைத்தறியா என்று கேட்பார். விலையும் உழைப்பும் அந்த ஒரு சொல்லில்தான் பிரிகின்றன. "தறி" என்பது பொய் கிடையாது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்று படம், குரல், கட்டுரை என எல்லாவற்றுக்கும் கீழே "ஏஐ" (செயற்கை நுண்ணறிவு) என்று ஒட்டப்படும் சீட்டும் இப்படிப்பட்டதே.

ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் ஊர் வரலாறு சேகரிப்பவர்கள், சந்தை நிலவரம் அனுப்புகிறவர்கள், துணி விற்பவர்கள், பள்ளி ஆண்டு மலர் தயாரிப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணினியைப் பயன்படுத்தலாமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பயன்படுத்தியாகிவிட்டது. அதைப் பார்ப்பவருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு. என் நிலைப்பாடு இதுதான்: கருவி என்ன வேலை செய்தது, எந்தப் பகுதியில் செய்தது, அதற்கு யார் பொறுப்பு என்று குறிப்பு சொல்ல வேண்டும். கருவியின் பெயர் அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் பகுதி பகுதியாகப் பிரியுங்கள்

ஒரு படைப்பை முழுசாகப் பார்த்து ஒரே சொல்லில் முத்திரை குத்துவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. திருப்பூர் பனியன் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனியன் மேசைமேல் விரித்து எடுத்த நிஜப் படம். அதை அணிந்து நிற்கும் இளைஞர் கணினி வரைந்தவர். பின்னணியில் தெரியும் கடற்கரையும் அப்படித்தான். இதற்கு "ஏஐ படம்" என்று எழுதினால் பனியனே இல்லை என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார். எதுவுமே எழுதாமல் விட்டால், தோளில் அது அப்படித்தான் படியும் என்று நம்பிவிடுவார்.

எனவே இப்படி எழுதுங்கள்: "ஆடை: நேரில் எடுத்த படம். அணிந்திருப்பவரும் பின்னணியும்: கணினி உருவாக்கியவை." இதை எழுதும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆளைச் சேர்க்கும் மென்பொருள் துணியைத் தொடாமல் விடுவது அரிது. கழுத்துப் பட்டையின் அகலம் மாறும், தையல் வரி காணாமல் போகும், மூன்று பொத்தான் நான்காகும். அசல் படத்தையும் உருவான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆடை மாறியிருந்தால் "நேரில் எடுத்த படம்" என்று எழுதும் உரிமை உங்களுக்கு இல்லை. கரூர் படுக்கை விரிப்பைக் கணினி வரைந்த படுக்கையறையில் விரித்துக் காட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

பாட்டுக்கும் இப்படியே. வள்ளி கும்மிப் பாட்டு ஒன்றைச் செயற்கைக் குரலில் பாடவைத்து வெளியிட்டால், பாட்டு வாய்மொழியாக வந்தது, குரல் செயற்கை, தாள ஒலி நேரில் பதிவு செய்தது என மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். கும்மி பயில வரும் பிள்ளைகள் அதைக் கேட்டு மூச்சு எங்கே விடுவது என்று கற்றுக்கொள்ளப் பார்ப்பார்கள். செயற்கைக் குரலுக்கு மூச்சு வாங்காது.

பிறகு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

பத்திரிகைத் துறைக்கான பன்னாட்டுத் தர அமைப்பான ஐபிடிசி, படங்கள் எங்கிருந்து வந்தன என்று குறிக்க ஒரு வகைப் பட்டியலே வைத்திருக்கிறது. கேமராவில் எடுத்தது, பயிற்சி பெற்ற மென்பொருள் முழுதாக உருவாக்கியது, நிஜப் படத்தோடு அப்படி உருவாக்கியதைச் சேர்த்தது, விதிப்படி இயங்கும் நிரல் வரைந்தது என அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. தமிழில் நமக்கும் அதே தெளிவு வேண்டும். உருவாக்கியது, சேர்த்தது, நீக்கியது, வண்ணம் ஏற்றியது, பெரிதாக்கியது, படித்தெடுத்தது, மொழிபெயர்த்தது, வாசித்தது: இந்த எட்டு வினைகள் கையில் இருந்தால் அன்றாட வேலை பெரும்பாலும் ஓடிவிடும்.

இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024-இல் நடந்ததே சாட்சி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களை நடத்தும் மெட்டா நிறுவனம் அந்த ஆண்டு "மேட் வித் ஏஐ" (ஏஐ கொண்டு உருவாக்கியது) என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. கேமராவில் எடுத்த படத்தில் சிறு திருத்தம் செய்திருந்தாலும் அந்த முத்திரை விழுந்தது. புகைப்படக் கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். ஜூலையில் அந்த வாசகம் "ஏஐ இன்ஃபோ" (ஏஐ தகவல்) என்று மாற்றப்பட்டது. ஒரு தூசியை நீக்கியதற்கும் ஒரு படத்தையே உருவாக்கியதற்கும் ஒரே வினைச்சொல்லைப் போட்டதுதான் அந்தச் சண்டைக்குக் காரணம்.

நம் ஊரில் அதிகம் தவறாகப் பயன்படும் சொல் "மேம்படுத்தப்பட்டது". பழைய படத்தைத் தெளிவாக்கும் மென்பொருள்கள் எல்லாம் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கின்றன. அதை அப்படியே நாமும் எழுதிவிடுகிறோம். அது பாராட்டுச் சொல். என்ன நடந்தது என்பதை அது சொல்வதில்லை.

பவானி ஜமக்காளம் விரித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். வண்ணம் ஏற்றும் மென்பொருளில் போட்டால் சில நொடிகளில் கலர் படம் வரும். ஜமக்காளத்தில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடும். அந்த நிறம் எங்கிருந்து வந்தது? கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒளியின் அளவு மட்டுமே பதிவாகியிருக்கும். நடுத்தரச் சிவப்பும் நடுத்தரப் பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம். மென்பொருள் தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களை வைத்து ஊகிக்கிறது. நாளைக்கு ஒருவர் பழைய பவானிக் கோடுகளின் நிற வரிசையை ஆராயப் புகுந்து, இந்தப் படத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டால் அவர் ஆய்வு அங்கேயே கெட்டது. ஆகவே குறிப்பு இப்படி இருக்கட்டும்: "அசல் கறுப்பு வெள்ளை. வண்ணம் மென்பொருள் ஏற்றியது, நிறங்கள் ஊகம்." கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். அமுச்சியே (அம்மாவின் அம்மா) அருகில் உட்கார்ந்து "அந்தச் சேலை அரக்கு, கண்ணு" என்று சொல்லியிருந்தால் அதையும் எழுதலாம்: "சேலையின் நிறம் குடும்பத்தார் சொன்னது, மற்றவை ஊகம்."

பெரிதாக்குவது இன்னும் ஆபத்தானது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறிப்புகள் உண்டு. அந்த எழுத்தில் "க" ஒரு கூட்டல் குறி வடிவம்தான். அதன்மேல் ஒட்டி ஒரு சிறு கோடு வந்தால் ஒலி மாறிவிடும். ஓட்டின்மேல் கீறலும் இருக்கும், மண் படிந்த கறையும் இருக்கும். செல்பேசியில் தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளில் போட்டால், கீறலைக் கோடாகத் தீட்டிக்கொடுக்கவும் கூடும், கோட்டைக் கறை என்று துடைத்துவிடவும் கூடும். இரண்டிலும் படம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஓட்டில் பொறித்த பெயரே மாறியிருக்கும்.

கல்வெட்டு, நடுகல், பானை ஓடு, செப்பேடு, பழைய பத்திரம் ஆகியவற்றில் எழுத்து இருந்தால், இப்படிப் பெரிதாக்கிய படத்தை அசல் இல்லாமல் வெளியிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, "மென்பொருள் பெரிதாக்கியது. நுண்விவரங்கள் கணினி நிரப்பியவை. எழுத்தைப் படிக்க அசல் படத்தைப் பார்க்கவும்" என்று போடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டியது, ஓரத்தை வெட்டியது, நேராக்கியது போன்றவற்றுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. அவை புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

எழுத்தைப் படித்தெடுக்கும்போது

பழைய அச்சுப் புத்தகங்களைத் தட்டச்சு செய்யாமல் கணினியை வைத்தே படித்தெடுப்பது பரவலாகிவிட்டது. இதில் இரண்டு வேறு வேலைகள் ஒரே பெயரில் புழங்குகின்றன. எழுத்துணரி என்பது அச்சில் இருக்கும் வடிவத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றுவது. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய நூல்களில் பழைய வடிவ "லை", "ணா", "றா" எல்லாம் வரும். அங்கே எழுத்துணரி தடுமாறும். அந்தத் தடுமாற்றம் பார்த்தவுடன் தெரியும். "கண்ணாடி" என்ற சொல் கால் கையில்லாமல் வந்து நிற்கும், நீங்களும் திருத்திவிடுவீர்கள்.

இரண்டாவது, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளிடம் பக்கத்தின் படத்தைக் கொடுத்து "இதில் உள்ளதை எழுதிக்கொடு" என்று கேட்பது. அது புரியாத இடத்தைத் தனக்குத் தெரிந்த நல்ல தமிழால் நிரப்பிவிடும். நம் பக்கத்தில் மாடு கட்டும் இடத்தைக் கட்டுத்தரை என்போம். பழைய ஊர்க் கணக்கில் "கட்டுத்தரை" என்றிருப்பது "கட்டாந்தரை" என்று வந்து நிற்கலாம். எழுத்துப் பிழை கிடையாது, வாக்கியமும் சரியாக ஓடும். மாட்டுத் தொழுவம் இருந்த இடம் வெறும் பொட்டல் ஆகிவிடும். கொங்குச் சொற்கள் மிகுந்த பக்கங்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். மாதிரிகள் பெரும்பாலும் படித்திருப்பது பொதுத் தமிழை.

அதனால் இரண்டுக்கும் ஒரே குறிப்பு போதாது. முதலாவதற்கு "எழுத்துணரி வழி எடுத்தது, மெய்ப்புப் பார்க்கவில்லை" என்றோ "மெய்ப்புப் பார்த்தது" என்றோ எழுதுங்கள். இரண்டாவதற்கு "செயற்கை நுண்ணறிவு படித்தெழுதியது, அசல் பக்கத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டது" என்று எழுதுங்கள். ஒப்பிடாவிட்டால் ஒப்பிடவில்லை என்றே போடுங்கள். பிழை இருக்கும் என்று சொல்லிக் கொடுத்த பக்கத்தை வாசகர் எச்சரிக்கையோடு பயன்படுத்திக்கொள்வார்.

எல்லாமே செயற்கை நுண்ணறிவு இல்லை

மழை அளவுப் பட்டியலை எடுத்து, "பவானிசாகரில் இத்தனை மில்லிமீட்டர்" என்று நிரப்பி வாக்கியம் அமைக்கும் நிரல் பல ஆண்டுகளாக இருக்கிறது. அணை நீர்மட்ட வரைபடமும் அப்படியே. அவை போட்ட எண்ணை அப்படியே தரும், ஊகிப்பதில்லை. இவற்றுக்கு "தானியங்கி" என்ற சொல் பொருந்தும்: "தானியங்கி அறிக்கை, தரவு: இன்ன துறை, இன்ன நாள்." இதற்கும் "ஏஐ" என்று எழுதினால் நம்பத்தகுந்த எண்ணை வீணாகச் சந்தேகிக்க வைக்கிறோம். எதைப் பார்த்தாலும் "கிராபிக்ஸ்" என்று சொல்லிப் பழகிய ஒரு காலம் இருந்தது. அதே பழக்கம் இப்போது "ஏஐ" என்ற பெயரில் தொடர்கிறது.

"உதவியுடன்" என்ற சொல்லைக் கவனியுங்கள்

"செயற்கை நுண்ணறிவின் உதவியுடன் எழுதப்பட்டது." இந்த வாக்கியத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. சந்திப்பிழை திருத்தியதும் உதவிதான், கட்டுரை முழுவதையும் எழுதிக்கொடுத்ததும் உதவிதான். எழுதியவர் தன் வசதிக்கு எந்த அர்த்தத்தையும் உள்ளே வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது.

எழுத்துப் பிழை மட்டும் பார்த்திருந்தால் குறிப்பே தேவையில்லை. நீங்கள் எழுதியதை அது மாற்றி அமைத்திருந்தால் "நடையைச் செயற்கை நுண்ணறிவு திருத்தியது" என்று சொல்லுங்கள். முதல் வரைவே அதனுடையது என்றால் "வரைவு: செயற்கை நுண்ணறிவு. திருத்தமும் பொறுப்பும்:" என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். பொறுப்பு என்ற இடத்தில் ஒரு மனிதரின் பெயர் இருந்தே ஆக வேண்டும். மஞ்சளுக்கு எந்த மருந்தை எத்தனை மில்லி அடிப்பது என்ற கட்டுரையை நம்பி ஒருவர் தோட்டத்தில் இறங்கப்போகிறார். பயிர் கருகினால் அவர் யாரைக் கேட்பது என்பது அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

"சரிபார்க்கப்பட்டது" என்பதையும் மலிவாக எழுதாதீர்கள். ஒருமுறை வாசித்துப் பார்த்தது சரிபார்ப்பு ஆகாது. ஒவ்வொரு எண்ணையும் ஊர்ப்பெயரையும் ஆண்டையும் வேறொரு மூலத்தோடு ஒப்பிட்டிருந்தால் மட்டுமே அந்தச் சொல். இல்லையென்றால் "படித்துத் திருத்தியது" என்று எழுதினால் போதும், அதுவே நேர்மை.

மொழிபெயர்ப்புக்கு "இயந்திர மொழிபெயர்ப்பு" என்ற சொல் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. மனிதர் திருத்தியிருந்தால் அதையும் சேர்த்துவிட்டு, மூலம் எந்த மொழி என்பதையும் சொல்லுங்கள்.

பத்திரிகைச் சொற்களை இரவல் வாங்கும்போது

"கோப்புப் படம்", "மாதிரிப் படம்", "சித்திரிப்புப் படம்" ஆகியவை நாளிதழ் வாசகருக்குப் பழகியவை. கோப்புப் படம் என்றால் வேறொரு நாளில் எடுத்த நிஜப் படம். மாதிரிப் படம் என்றால் இதே போன்ற வேறொன்றின் படம். கணினி வரைந்த விபத்துப் படத்துக்குக் கீழே "மாதிரிப் படம்" என்று போட்டால், எங்கோ இப்படி ஒரு விபத்து நடந்ததாகத்தான் வாசகர் எடுத்துக்கொள்வார். "சித்திரிப்பு: கணினி உருவாக்கியது. இது நிகழ்விடத்தின் படம் இல்லை" என்று முழுதாகச் சொல்லுங்கள். நான்கு சொல் கூடுவதால் பக்கம் நிறைந்துவிடாது.

குரலில் "செயற்கைக் குரல்" என்பதும் "குரல் நகல்" என்பதும் வேறு. ஈரோட்டு விரலி மஞ்சள் குவிண்டால் விலையை வாசிக்கும் பொதுவான கணினிக் குரல் முதல் வகை. குறிப்பிட்ட ஒருவரின் குரலைப் போலவே பேசவைப்பது இரண்டாம் வகை. அதில் யாருடைய குரலின் நகல், அவரோ அவர் குடும்பமோ சம்மதித்தார்களா என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். மறைந்த அப்புச்சியின் குரலில் குலதெய்வக் கதையைச் சொல்லவைத்துவிட்டு "குரல்: அப்புச்சி" என்று மட்டும் எழுதினால், அவர் சொல்லாத கதையை அவர் வாயில் வைத்ததாகிவிடும்.

அடுத்தவர் படைப்புக்கு முத்திரை குத்தும் முன்

"போலி", "டீப்ஃபேக்" என்ற சொற்கள் செய்முறையோடு நோக்கத்தையும் சேர்த்தே குற்றம் சாட்டுகின்றன. ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்குச் சான்று இல்லாமல் அவற்றை எழுதாதீர்கள். ஒரு படத்தைப் பார்த்து விரல் ஆறாக இருக்கிறது, நடை வழவழவென்று இருக்கிறது என்பதை வைத்து மட்டும் "ஏஐ" என்று அறிவிப்பதும் சரியில்லை. கண்டுபிடித்துத் தரும் மென்பொருள்களையும் நம்பிவிட முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதிய ஆங்கில உரைகளில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாக அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் எழுத்து என்றது. மற்ற மொழிகளில் அதைவிட மோசம் என்று அந்த நிறுவனமே சொன்னது. 2023 ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று அதை விலக்கிக்கொண்டது. பள்ளி மலருக்குக் கட்டுரை கொடுத்த மாணவியை இப்படி ஒரு கருவியின் தீர்ப்பை வைத்துக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். தெரியாத இடத்தில் "தோற்றம் உறுதியாகவில்லை" என்று எழுதலாம். முடிந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கே எழுதுவது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்புக்குள் பொதிந்திருக்கும் தகவல் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கீழே தட்டச்சு செய்த குறிப்பும் இரண்டு கை மாறினால் கூட வராது. ஆகவே சுருக்கக் குறிப்பைப் படத்தின் மேலேயே, வெட்டி எறிய முடியாத இடத்தில், செல்பேசித் திரையில் படிக்கும் அளவில் பதியுங்கள். ஒலிப்பதிவில் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். விரிவான குறிப்பை, அதாவது கருவியின் பெயர், பதிப்பு, நாள், நீங்கள் கொடுத்த கட்டளை, அசல் கோப்பு ஆகியவற்றை உங்கள் சேகரிப்பில் வையுங்கள்.

சட்டமும் இதில் வந்துவிட்டது. செயற்கையாக உருவாக்கிய ஒலி, படம், காணொளி ஆகியவற்றைக் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்படி அடையாளப்படுத்த வேண்டும் என்று தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஒன்றிய அரசு செய்த திருத்தம் 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 அக்டோபரில் வந்த வரைவில் படத்தின் பரப்பில் 10 விழுக்காடு அளவுக்கு முத்திரை வேண்டும் என்று இருந்தது. இறுதி விதிகளில் அந்த அளவு இல்லை. பொருளை மாற்றாத வழக்கமான திருத்தங்கள் இதில் சேராது. விதி அடையாளம் வேண்டும் என்கிறது. நல்ல தமிழில் எந்தச் சொல் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே வெளியிட்டவற்றில் "ஏஐ படம்", "மேம்படுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதியவை உங்களிடம் இருந்தால், எழுத்து உள்ள படங்களிலிருந்து தொடங்குங்கள்: கல்வெட்டு, ஓடு, பத்திரம். அவற்றுக்கு அசலைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து, குறிப்பை மாற்றி, "குறிப்பு திருத்தியது" என்று நாளையும் போடுங்கள். அசல் கிடைக்காத படத்துக்கு "அசல் கைவசம் இல்லை, எழுத்தைப் படிக்கப் பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதுங்கள். அடுத்து வண்ணம் ஏற்றிய குடும்பப் படங்கள். விளம்பரப் படங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.